ஊரில் உள்ள சர்வரின் பவர் பட்டனை வெளியூரிலிருந்து அழுத்துவது எப்படி?

வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை எந்நேரமும் ஓடும்படி வைத்து, அதில் குடும்பப் போட்டோக்கள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள், சினிமாக்கள் ஆகியவற்றைச் சேமித்து, வீட்டிலுள்ள எல்லா மொபைல்களிலும் டிவியிலும் பார்க்கும்படி செய்வதைத்தான் வீட்டு சர்வர் என்கிறோம். இதற்கு விலை உயர்ந்த கம்ப்யூட்டர் தேவையில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி, லினக்ஸ் போட்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டினால் போதும். சர்வர் இருக்கும் வீட்டிலேயே நீங்களும் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. ஹேங் ஆனால் எழுந்து போய் பட்டனை அழுத்திவிட்டு வந்துவிடலாம்.

சர்வர் ஓர் ஊரிலும் நாம் வேறு ஊரிலும் இருக்கும்போதுதான் சிக்கல். என் சர்வர் ஊத்தங்கரையில் பெற்றோர் வீட்டில் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது பெங்களூரில். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பஸ்ஸில் போய்ச் சேர அரை நாள் ஆகிவிடும். அந்த சர்வரில் எங்கள் வீட்டுப் போட்டோக்களோடு, சித்தப்பாவின் உரக்கடைக் கணக்கும் தினமும் இரவில் பேக்கப் ஆகிறது. சர்வர் நின்றுபோனால் பேக்கப்பும் நின்றுபோகும். கடையில் உள்ள கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கும் அந்த வாரமே பழுதானால், யார் எவ்வளவு பாக்கி என்பது சித்தப்பாவின் ஞாபகத்தில் இருந்தால்தான் உண்டு.

"அதற்குத்தான் எனிடெஸ்க், ரிமோட் டெஸ்க்டாப், எஸ்.எஸ்.எச். எல்லாம் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இவையெல்லாம் சாப்ட்வேர்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் முழுமையாக பூட் ஆகி, நெட்வொர்க் இணைப்பும் கிடைத்த பிறகுதான் இவை வேலை செய்யும். கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிவிட்டாலோ, பூட் ஆகும்போதே நின்றுவிட்டாலோ இவற்றால் பயனில்லை. தொலைவில் உள்ள சர்வர் நமக்குத் தலைவலி தருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மதர்போர்டில் நாணயம் போல ஒரு சிமாஸ் பேட்டரி இருக்கும். சில வருடங்களில் அது தீர்ந்துவிடும். கம்ப்யூட்டர் தொடர்ந்து ஓடும்வரை இது வெளியே தெரியாது. ஒரு நாள் கரண்ட் போய் வரும்போது பயாஸ் தன் செட்டிங்குகளை மறந்துவிட்டு, "தேதி சரியில்லை, தொடர எஃப்1 கீயை அழுத்தவும்" என்று காத்து நிற்கும். எங்கள் வீட்டில் இது நடந்தபோது அப்பா போனில், "கறுப்புத் திரையில வெள்ளை வெள்ளையா என்னமோ எழுதியிருக்குப்பா, ஒண்ணும் நகர மாட்டேங்குது" என்றார். அந்த சர்வரில் கீபோர்டே இல்லை. மானிட்டரும் பக்கத்து அறையிலிருந்து தூக்கி வந்து மாட்டியதுதான். ஒரே ஒரு கீயை அழுத்துவதற்காக, பக்கத்து வீட்டுப் பையன் பள்ளி விட்டு வரும்வரை காத்திருந்து, அவன் கீபோர்டைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. ரிமோட் மேனேஜ்மென்ட் ஹார்டுவேர் இருந்தால் அந்த எஃப்1 கீயைப் பெங்களூரிலிருந்தே அழுத்தலாம்.

கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்

இந்த வசதியைத் தருவது ஒரு தனி சிப். பெரிய சர்வர்களின் மதர்போர்டில் இதற்கென்றே ஒரு சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர், சுருக்கமாக பி.எம்.சி. என்று பெயர். தனி பிராசசர், தனி மெமரி, தனி ஐபி முகவரி, தனி பாஸ்வேர்டு எல்லாம் இதற்கு உண்டு. உங்கள் எஸ்.எம்.பி.எஸ். சுவிட்ச்போர்டில் செருகப்பட்டிருக்கும்வரை, கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தாலும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போய்க் கொண்டேயிருக்கும். அதை வைத்து இந்தச் சிப் விழித்திருக்கும். பெரிய கம்ப்யூட்டர் தூங்கினாலும் செத்தாலும் இது கவலைப்படாது. திரையில் என்ன தெரிகிறது என்பதைப் படமாகப் பிடித்து நமக்கு அனுப்பும். நாம் இங்கே தட்டும் கீகளை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கும். பவர், ரீசெட் பட்டன்களை அழுத்தும். நம்மிடம் உள்ள ஐ.எஸ்.ஓ. பைலை அங்கே சிடி டிரைவ் போலக் காட்டி, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே புதிதாக இன்ஸ்டால் செய்யவும் விடும்.

இதற்கான பொது விதிமுறைதான் ஐ.பி.எம்.ஐ. இன்டெல், எச்.பி., டெல், என்.இ.சி. ஆகிய நான்கு கம்பெனிகள் சேர்ந்து 1998இல் முதல் பதிப்பை வெளியிட்டன. இன்றுவரை பரவலாக உள்ள 2.0 பதிப்பு 2004இல் வந்தது. பின்னர் 2015இல் இதற்கு மாற்றாக ரெட்பிஷ் என்ற புதிய விதிமுறை வந்தது. எச்.பி. இதே வசதியை ஐ.எல்.ஓ. என்றும் டெல் ஐடிராக் என்றும் அழைக்கின்றன.

இதில் நமக்கு நெருக்கமான கம்பெனி ஒன்று உண்டு. பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் திரையில் "அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ்" என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். 1985இல் சுப்ரமணியன் சங்கர், பாட் சர்மா இருவரும் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி அது. சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. பயாஸ் மட்டுமல்ல, மெகாராக் என்ற பி.எம்.சி. சாப்ட்வேரும் இவர்களுடையதுதான். உலகின் பல சர்வர் மதர்போர்டுகளில் ஓடுவது இதுவே. இதைப் பற்றிக் கடைசியில் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு எது சரி?

செலவே இல்லாத வழி வேக்-ஆன்-லேன். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுக்கு ஒரு சிறப்புப் பாக்கெட்டை அனுப்பினால் அது கம்ப்யூட்டரை ஆன் செய்யும். அந்தப் பாக்கெட்டில் 255 என்ற எண் ஆறு முறையும், பின்னர் அந்தக் கார்டின் மேக் முகவரி 16 முறையும் இருக்கும். மொத்தமே 102 பைட்தான். ஆனால் இது ஆன் மட்டும்தான் செய்யும். ஹேங் ஆனதை ரீசெட் செய்யாது, திரையையும் காட்டாது. தேவை, ஆனால் போதாது.

பி.எம்.சி. சிப் உள்ள சர்வர் மதர்போர்டை வாங்குவது இன்னொரு வழி. சூப்பர்மைக்ரோ, ஏஎஸ்ராக் ராக் போர்டுகளில் இது இருக்கும். எச்.பி.யின் மைக்ரோசர்வர் வரிசையில் 2013இல் வந்த ஜென்8 மாடலில் ஐ.எல்.ஓ. 4 இருந்தது. 2017இல் வந்த ஜென்10 மாடலில் அதை நீக்கிவிட்டார்கள். பின்னர் வந்த ஜென்10 பிளஸ் மாடலில் தனி கிட் வாங்கி மாட்டினால்தான் கிடைக்கும். ஆகவே செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்கள் மாடல் பெயரைச் சரியாகப் பார்க்க வேண்டும். ஐ.எல்.ஓ.வில் இன்னொரு விஷயம்: தனி லைசென்ஸ் இல்லாவிட்டால் திரையைக் காட்டும் வசதி பூட் ஆகும்வரைதான் கிடைக்கும். எஃப்1 அழுத்துவதற்கு அது போதும் என்பது வேறு விஷயம். பி.எம்.சி. சிப் ஏறக்குறைய 5 வாட் எடுத்துக் கொள்ளும் என்று வைத்தால், சர்வரை ஆஃப் செய்து வைத்தாலும் மாதம் 3.6 யூனிட் ஓடும். பெரிய தொகை இல்லை. ஆனால் சர்வர் போர்டின் விலை வீட்டு உபயோகத்துக்குக் கொஞ்சம் கனமானது.

என் சிபாரிசு மூன்றாவது வழி. இன்டெல் வி-புரோ என்ற ஸ்டிக்கரைப் பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களில் பார்த்திருப்பீர்கள். 2006இலிருந்து இந்தப் பெயரில் வரும் கம்ப்யூட்டர்களில் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி என்ற வசதி உள்ளது. இதன் சுருக்கப் பெயரைத் தமிழில் எழுதினால் போட்டிக் கம்பெனியின் பெயர் மாதிரியே ஆகிவிடும் என்பதால் இங்கே ஆக்டிவ் மேனேஜ்மென்ட் என்றே எழுதுகிறேன். பி.எம்.சி. செய்யும் முக்கிய வேலைகள் எல்லாவற்றையும் இது செய்யும். தனி சிப் கிடையாது. மதர்போர்டின் சிப்செட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் குவிந்து கிடக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் கம்ப்யூட்டர்களில் பலவற்றில் இந்த வசதி தூங்கிக் கொண்டிருக்கிறது. விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

எல்லாவற்றிலும் இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று பொருத்தங்கள் பார்க்க வேண்டும். சிப்செட் கியூ வரிசையாக இருக்க வேண்டும். கியூ170, கியூ270, கியூ370 போல. பிராசசர் வி-புரோ உள்ளதாக இருக்க வேண்டும். ஆறாம் தலைமுறையில் ஐ5-6500 சரி, ஐ5-6400 சரியில்லை, ஐ3 அறவே கிடையாது. நெட்வொர்க் சிப் பெயர் எல்.எம். என்று முடிய வேண்டும். வி என்று முடிந்தால் கிடையாது. கடையிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. ஆன் செய்தவுடன் கண்ட்ரோல் கீயுடன் பி கீயை அழுத்துங்கள். பல மாடல்களில் இதற்கான மெனு வந்துவிடும். டெல்லில் எஃப்12 அழுத்தி வரும் பூட் மெனுவிலும் இருக்கும். பாஸ்வேர்டு கேட்டால் "அட்மின்" என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுங்கள். ஏற்கவில்லையென்றால், முன்பு இதை வைத்திருந்த அலுவலகம் வேறு பாஸ்வேர்டு வைத்திருக்கிறது என்று பொருள். சில மாடல்களில் பயாஸில் இதை ரீசெட் செய்ய வழி உண்டு, சிலவற்றில் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போகும். கடைக்காரரையே செய்து தரச் சொல்லுங்கள். பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு மல்லுக்கட்ட வேண்டாம்.

இந்த வசதி எதுவுமே இல்லாத கம்ப்யூட்டர் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், வெளியிலிருந்து மாட்டும் பெட்டி ஒன்றை வாங்கலாம். இதை ஐபி கே.வி.எம். என்பார்கள். சர்வரின் எச்.டி.எம்.ஐ. வயரை இதில் செருகினால் படம் இதற்கு வரும். யு.எஸ்.பி. வயர் மூலம் இது சர்வரிடம் "நான்தான் கீபோர்டு, நான்தான் மவுஸ்" என்று சொல்லிக் கொள்ளும். ராஸ்ப்பெர்ரி பை 4 போர்டை வைத்து நாமே செய்து கொள்ளும் பைகேவிஎம், ஆயத்தமாகக் கிடைக்கும் ஜெட்கேவிஎம், நானோகேவிஎம் எனப் பல உள்ளன. பவர் பட்டனையும் அழுத்த வேண்டுமென்றால் மதர்போர்டில் பவர் பட்டன் வயர் செருகும் பின்களோடு இணைக்கும் துணைப் போர்டும் வேண்டும். பலர் அதை வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். திரை தெரியும், ஹேங் ஆனதும் தெரியும், ரீசெட் செய்ய மட்டும் முடியாது. வெறுப்பேற்றும் நிலை அது.

ஆக்டிவ் மேனேஜ்மென்டை அமைப்பது

முதலில் கம்ப்யூட்டர் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து புதிய பயாஸையும் மேனேஜ்மென்ட் எஞ்சின் பர்ம்வேரையும் இறக்கிப் பதியுங்கள். ஏன் இதை முதல் வேலையாகச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும். பிறகு மானிட்டர், கீபோர்டு மாட்டி, மேலே சொன்ன கண்ட்ரோல்-பி மெனுவுக்குள் போங்கள். உள்ளே நுழைந்ததும் புதிய பாஸ்வேர்டு கேட்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு நான்கும் கலந்து எட்டு எழுத்தாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காரணம் சொல்லாமல் மறுத்துவிடும்.

அடுத்து ஆக்டிவ் மேனேஜ்மென்ட் கான்பிகரேஷன் என்ற பிரிவு. இதில் திரை, கீபோர்டு வசதிகளான எஸ்.ஓ.எல்., ஐ.டி.இ.ஆர்., கே.வி.எம். மூன்றையும் எனேபிள் செய்யுங்கள். யூசர் கன்சென்ட் என்று ஒன்று இருக்கும். அதை நன் என மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், நீங்கள் தொலைவிலிருந்து திரையைப் பார்க்க முயலும்போது, சர்வரின் திரையில் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். அதை அங்கிருப்பவர் படித்துச் சொன்னால்தான் அனுமதி கிடைக்கும். அலுவலகத்துக்கு அது நல்ல பாதுகாப்பு. மானிட்டரே இல்லாத வீட்டு சர்வருக்குப் பொருந்தாது. பவர் கன்ட்ரோல் பகுதியில், கம்ப்யூட்டர் ஆஃப் ஆன நிலையிலும் எஞ்சின் விழித்திருக்கும்படியான தேர்வைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக ஆக்டிவேட் நெட்வொர்க் அக்சஸ் என்பதில் என்டர் தட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

இப்போது ரௌட்டரின் டி.எச்.சி.பி. பகுதிக்குப் போய், சர்வருக்கு எப்போதும் ஒரே ஐபி முகவரி கிடைக்கும்படி செய்யுங்கள். உதாரணமாக 192.168.1.50 என்று வைத்துக் கொள்வோம். லினக்ஸும் ஆக்டிவ் மேனேஜ்மென்டும் இந்த ஒரே முகவரியைப் பகிர்ந்து கொள்ளும். வீட்டிலுள்ள வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் இந்த முகவரியோடு 16992 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் தட்டினால் எளிய வெப் பக்கம் ஒன்று திறக்கும். அதே சர்வரில் உட்கார்ந்து கொண்டு முயன்றால் திறக்காது. இது பழுதல்ல, அமைப்பே அப்படித்தான். அந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டரை ஆன், ஆஃப், ரீசெட் செய்யலாம். திரையைப் பார்க்க மெஷ்சென்ட்ரல் போன்ற சாப்ட்வேர் வேண்டும். இது ஓபன் சோர்ஸ், இலவசம்.

திரை கறுப்பாகவே வருகிறதா? மானிட்டர் எதுவும் மாட்டப்படாததால் சர்வரின் கிராபிக்ஸ் பகுதி படமே உருவாக்காமல் இருக்கலாம். மானிட்டர் போல நடிக்கும் டம்மி பிளக் ஒன்றை டிஸ்பிளே போர்ட்டிலோ எச்.டி.எம்.ஐ.யிலோ செருகி வைத்தால் சரியாகிவிடும். விலை சொற்பம். தனி கிராபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தால் இந்த வசதி வேலை செய்யாது. மதர்போர்டில் உள்ள இன்டெல் கிராபிக்ஸ்தான் வேண்டும்.

வீட்டு வாசலில் ஒரு காவலாள்

இதுவரை செய்தது எல்லாம் வீட்டு நெட்வொர்க்குக்கு உள்ளேதான். வெளியிலிருந்து எப்படி நுழைவது? ரௌட்டரில் போர்ட் பார்வர்டிங் செய்து 16992ஐ இணையத்துக்குத் திறந்துவிட்டால் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். லினக்ஸில் நீங்கள் போட்டிருக்கும் பயர்வால் இதைத் தடுக்காது. அந்தப் பாக்கெட்டுகளை லினக்ஸ் பார்ப்பதற்கு முன்பே மேனேஜ்மென்ட் எஞ்சின் பிடித்து எடுத்துக் கொள்கிறது. தவிர, பல வீட்டு இணைப்புகளில் போர்ட் பார்வர்டிங் வேலையும் செய்யாது. உங்கள் ரௌட்டரின் வான் ஐபி முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தேடி யாரும் நேராக வர முடியாது.

இதற்குத் தீர்வு வி.பி.என். நான் பயன்படுத்துவது ஒயர்கார்டை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல். சொந்த உபயோகத்துக்கு இலவசத் திட்டம் உண்டு. வீட்டுக் கருவியும் உங்கள் லேப்டாப்பும் இரண்டுமே வெளியே நோக்கி இணைப்பு ஏற்படுத்துவதால், பகிர்ந்த முகவரி ஒரு தடையாக இருப்பதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டெயில்ஸ்கேலை அந்த சர்வரிலேயே போட்டுப் பயனில்லை. சர்வர் நின்றால் வி.பி.என்.னும் நின்றுவிடும். மேனேஜ்மென்ட் எஞ்சினுக்குள் இதை இன்ஸ்டால் செய்யவும் முடியாது. ஆகவே எப்போதும் ஓடும் வேறொரு சிறு கருவி வேண்டும். பழைய ராஸ்ப்பெர்ரி பை ஒன்று இதற்குத் தாராளம். அதில் டெயில்ஸ்கேலைப் போட்டு, சப்நெட் ரௌட்டர் என்ற வசதியை இயக்கி, வீட்டின் 192.168.1 முகவரிகள் அனைத்துக்கும் அதுவே வழிவிடும்படி செய்யுங்கள். மெஷ்சென்ட்ரலையும் அதிலேயே வைத்துவிடலாம். இனி பெங்களூரில் லேப்டாப்பைத் திறந்து 192.168.1.50 என்று தட்டினால் ஊத்தங்கரை வீட்டின் சர்வர் பதில் சொல்லும்.

கரண்ட் விஷயம்

ஊர்ப் பக்கம் இதுதான் முக்கியம். சர்வருக்கு யு.பி.எஸ். வாங்கிப் போடும் பலர், சுவரில் மாட்டியிருக்கும் பைபர் பெட்டியையும் ரௌட்டரையும் மறந்துவிடுகிறார்கள். கரண்ட் போனதும் சர்வர் ஓடும், ஆனால் வீடு இணையத்திலிருந்து காணாமல் போயிருக்கும். முதலில் பைபர் பெட்டி, ரௌட்டர், ராஸ்ப்பெர்ரி பை மூன்றுக்கும் பேட்டரி கொடுங்கள். 12 வோல்ட் ரௌட்டர் யு.பி.எஸ். என்று சின்னதாகக் கிடைக்கிறது. ராஸ்ப்பெர்ரி பைக்கு 5 வோல்ட் தேவை என்பதால் அந்த அவுட்புட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனிலேயே போட்டுவிடலாம்.

அடுத்து பயாஸில் ஏசி ரெகவரி அல்லது ஆப்டர் பவர் லாஸ் என்ற செட்டிங். இதைப் பவர் ஆன் என்று மாற்றினால், கரண்ட் போய் வந்ததும் சர்வர் தானாக ஆன் ஆகும். இதோடு வேலை முடிந்ததாகத்தான் தோன்றும். ஆனால் யு.பி.எஸ். உள்ள வீட்டில் ஒரு விசித்திரம் நடக்கும். பேட்டரி குறைந்ததும் சர்வரை முறையாக ஷட்டவுன் செய்யும்படி நட் என்ற சாப்ட்வேரை அமைத்திருப்பீர்கள். அதன்படி சர்வர் ஆஃப் ஆகிவிடும். பேட்டரி முழுதும் தீர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். சர்வரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. போகாத கரண்ட் எப்படித் திரும்பி வரும்? ஏசி ரெகவரி செட்டிங் காத்திருக்கும் நிகழ்ச்சி நடக்காது. சர்வர் ஆஃப் ஆனது ஆஃப் ஆனதுதான். வீட்டில் விளக்கு எரியும், ஃபேன் ஓடும், சர்வர் மட்டும் கிடக்கும். ஸ்டாண்ட்பை மின்சாரம் இருப்பதால் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் மட்டும் விழித்திருக்கும். உள்ளே நுழைந்து பவர் ஆன் கொடுத்தால் தீர்ந்தது. ராஸ்ப்பெர்ரி பையில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, சர்வர் பதில் சொல்லாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேக்-ஆன்-லேன் பாக்கெட் அனுப்பும்படி செய்து வைத்தால் அந்த வேலையும் மிச்சம்.

ஹார்ட் டிஸ்க்கைப் பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்திருப்பவர்களுக்கும் இந்த வசதி உதவும். பூட் ஆகும்போது கேட்கும் பாஸ்வேர்டைத் தொலைவிலிருந்தே தட்டலாம். வீட்டில் சர்வர் திருடு போனாலும் பத்திரங்களின் பிரதிகள் மற்றவர் கையில் திறக்காது.

பூட்டை மறக்காதீர்கள்

மேனேஜ்மென்ட் சிப் என்பது கம்ப்யூட்டரின் பின்கதவு. நமக்குத் திறப்பது போல மற்றவர்களுக்கும் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் நிறைய.

2017 மே மாதம் இன்டெல் தன் ஆக்டிவ் மேனேஜ்மென்டில் ஒரு குறையை அறிவித்தது. லாகின் செய்யும்போது உங்கள் பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட 32 எழுத்துச் சரம் ஒன்று அனுப்பப்படும். எஞ்சின் தானும் அதே போலக் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிடும். எத்தனை எழுத்துகளை ஒப்பிடுவது? வந்த சரத்தில் எத்தனை எழுத்து இருந்ததோ அத்தனை. வெற்றுச் சரத்தை அனுப்பினால்? பூஜ்யம் எழுத்துகளை ஒப்பிடும். வித்தியாசம் எதுவும் இல்லை, ஆகவே உள்ளே வரலாம்! பாஸ்வேர்டு எதையும் கொடுக்காமலே கம்ப்யூட்டரை முழுதாகக் கைப்பற்ற முடிந்தது. புரோகிராம் எழுதுபவர்கள் இந்த ஒரு வரியை நினைவில் வைத்திருப்பார்கள். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் ஆறாம் தலைமுறை டெஸ்க்டாப்கள் இந்தக் குறை வெளிவருவதற்கு முன் தயாரானவை. பர்ம்வேர் வெர்ஷன் எண்ணில் கடைசிப் பகுதி 3000 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தக் குறை சரி செய்யப்பட்டுவிட்டது என்று அர்த்தம். முதலில் பர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அதே 2017இல் எச்.பி.யின் ஐ.எல்.ஓ. 4க்கும் ஒரு திருத்தம் வந்தது. வெப் வேண்டுகோளின் ஒரு பகுதியில் ஆங்கில 'ஏ' எழுத்தை 29 முறை போட்டு அனுப்பினால் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விட்டது. ஐ.பி.எம்.ஐ. 2.0 விஷயம் இன்னும் வேடிக்கை. 2013இல் டான் ஃபார்மர் என்ற ஆய்வாளர் சுட்டிக் காட்டியது இது: லாகின் முடிவதற்கு முன்பே, கேட்பவர் யாராக இருந்தாலும், பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட ஹேஷை பி.எம்.சி. கொடுத்துவிடும். அதை வைத்துக் கொண்டு சாவகாசமாகப் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கலாம். இது விதிமுறையிலேயே உள்ள ஏற்பாடு என்பதால் பர்ம்வேர் திருத்தத்தால் போகாது. பி.எம்.சி. உள்ளவர்கள் நீளமான பாஸ்வேர்டு வைப்பதும், ஐ.பி.எம்.ஐ.யின் 623ஆம் போர்ட்டை வெளியுலகுக்குக் காட்டாமல் இருப்பதும்தான் வழி.

மேலே சொன்ன மெகாராக்? 2025 மார்ச்சில் எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதிலும் லாகினைத் தாண்டிச் செல்லும் ஒரு பெரிய குறையை வெளியிட்டது. தாக்குதல்களில் உண்மையாகவே பயன்படுத்தப்படும் குறைகளின் பட்டியலில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு அதை அந்த ஆண்டு ஜூனில் சேர்த்தது.

சூப்பர்மைக்ரோ போர்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மேனேஜ்மென்டுக்கென்று தனி நெட்வொர்க் போர்ட் இருக்கும். அதில் வயர் செருகாமல் விட்டால் யாரும் நுழைய முடியாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் இவற்றில் லேன் மோடு பொதுவாக ஃபெயில்ஓவர் என்று அமைந்திருக்கும். தனி போர்ட்டில் வயர் இல்லையென்றால் பி.எம்.சி. சத்தமில்லாமல் முதல் சாதாரண நெட்வொர்க் போர்ட்டுக்குத் தாவிவிடும். 2020க்கு முந்தைய போர்டுகளில் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுமே "அட்மின்" என்பதன் பெரிய எழுத்து வடிவம்தான். பயன்படுத்தாவிட்டாலும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், லேன் மோடை டெடிகேட்டட் ஆக்குங்கள்.

ஊருக்குப் போயிருக்கும்போதே சோதனையை முடித்துவிடுங்கள். மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றுங்கள். மொபைலில் வைபையை அணைத்து, சிம் டேட்டாவில் வி.பி.என். வழியாக உள்ளே போங்கள். சர்வரை ஷட்டவுன் செய்து ஆன் செய்து பாருங்கள். பயாஸ் மெனுவுக்குள் நுழைந்து பாருங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, யு.பி.எஸ். ஷட்டவுன் கொடுக்கும்வரை காத்திருந்து, மீண்டும் போட்டுப் பாருங்கள். டிவி பார்த்துக் கொண்டிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சிமாஸ் பேட்டரியையும் அன்றைக்கே புதிதாக மாற்றிவிடுங்கள். 2032 என்ற எண்ணுள்ள பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

ஒருநாள் இந்தக் கம்ப்யூட்டரை விற்பதாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கை அழிப்பதோடு நிறுத்தாமல் கண்ட்ரோல்-பி மெனுவுக்குள் போய் அன்பிராவிஷன் கொடுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினாலும் உங்கள் பாஸ்வேர்டும் நெட்வொர்க் செட்டிங்குகளும் மதர்போர்டிலேயே தங்கியிருக்கும்.